புதுக்குடியிருப்புக் கடைக்குப் போன அம்மா

அளம்பில்
2.3.2025

அன்பு மகள் கலிஸ்ராவுக்கு,

நீ சுகமோ என்று கேட்டு மையை வீணாக்கவில்லை. இன்று போனில் நீ கத்தின கத்தில் உன் நெஞ்சும் தொண்டையும் நல்ல நிலையில் இருப்பது விளங்கிவிட்டது. யப்பானுக்குப் போகிறவர்களுக்கு உடம்புச் சோதனை இருக்கென்றாயே, அந்த டொக்டரிடம் என் நம்பரைக் கொடு. நான் சாட்சி சொல்கிறேன்.

உங்கள் விடுதியில் ஞாயிற்றுக்கிழமையில் மட்டும்தான் போனைக் கையில் தருகிறார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தையும் நாங்கள் சண்டைக்கே செலவழிக்கிறோம். அதனால்தான் இந்தக் கடிதம். எழுதும்போது யாரும் எனக்குக் குறுக்கே கதைக்க முடியாது. உன் அம்மா மார்கிறட் உயிரோடு இருந்த காலத்தில்கூட எனக்கு இப்படி ஒரு வசதி கிடைத்ததில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. எழுத்து கோணலாகத்தான் இருக்கும். கடுதாசியைக் கொஞ்சம் சரித்துப் பிடித்து வாசி.

ஜெனிற்றா ஏன் போனுக்கு வரவில்லை என்று கேட்டாய். நான் மழுப்பினேன், நீ கத்தினாய். இனி முழுக் கதையையும் கேள். நீ பஸ் ஏறின இரவு அவள் நல்ல நித்திரை. விடிய எழும்பி, "அம்மா எங்க?" என்றாள்.

"கடைக்குப் போட்டா குஞ்சு."

ஊரில் எல்லா வீட்டிலும் இதுதானே பதில். ஆனால் ஆறு வயதென்றாலும் இவள் உன் வயிற்றில் பிறந்தவள்.

"எந்தக் கடை?"

"புதுக்குடியிருப்புக் கடை."

"என்ன வாங்க?"

"சீனி."

குசினிக்குள் போனாள். சீனிப் போத்தலை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் வைத்தாள். கழுத்துவரை சீனி. நான் போத்தலைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள்.

இப்போது நீ போன் எடுத்தால், "கடைக்குப் போனவ ஏன் போனில கதைக்கிறா? வரச் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறாள்.

நித்திரையில் விட்டுவிட்டுப் போ என்று உனக்குச் சொன்னவன் நான்தான். எங்கள் கரையில் எல்லாரும் அப்படித்தானே. தொழிலுக்குப் போகிறவன் பிள்ளையை எழுப்புவதில்லை. கடலுக்கு இறங்குகிறவனுக்குப் பின்னால் அழுகைச் சத்தம் கேட்கக்கூடாது. உன்னையும் அப்படித்தான் விட்டுப் போவேன், நீ முகம் கழுவ முன் மீனோடு வந்து நிற்பேன். அந்தப் பழக்கத்தில் சொல்லிவிட்டேன். நீ விடிய வரமாட்டாய் என்ற சின்ன வித்தியாசம் என் மண்டைக்கு அப்போது ஏறவில்லை.

உண்மையைச் சொல்லிவிடு என்று நிற்கிறாய். வேண்டாம். கெதியாய் மறந்துவிடுவாள். நீ அந்த யப்பான் எழுத்தைப் படி. நீ இங்கே விட்டுப்போன கொப்பியைத் திறந்து பார்த்தபோது எழுத்தா, கூனி இறால் காயப் போட்டதா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அப்பா

&nbsp;

நீர்கொழும்பு
11.3.2025

அப்பா,

சரித்துப் பிடித்துத்தான் வாசித்தேன். முதலில் சிரித்தேன். சீனிப் போத்தலில் அழத் தொடங்கினேன். அடுத்த கட்டிலில் படுக்கும் ஓமந்தைப் பிள்ளை சுதாஜினி, "என்னடி, வீட்டில ஆருக்கும் ஏதுமோ?" என்று ஓடி வந்தாள். "சீனி நிறைய இருக்குதாம்" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

இங்கே எங்களுக்கு ஒரு றப்பர் கிழவி இருக்கிறா. அவவைக் கட்டிலிலிருந்து எழுப்ப, உடுப்பு மாற்ற, குளிக்க வார்க்கப் பழகுகிறோம். யப்பானில் எங்கள் வேலை அதுதான். முதல் பாடம் என்ன தெரியுமோ? தொடுவதற்கு முதல் சொல்ல வேணும். "இப்ப உங்கட கையைப் பிடிக்கப் போறன். இப்ப தண்ணி ஊத்தப் போறன்." கண் தெரியாதவர்களுக்கும் சொல்ல வேணும், ஒன்றும் விளங்காதவர்களுக்கும் சொல்ல வேணும். சொல்லாமல் தொட்டால் பயந்துவிடுவார்களாம். றப்பர் கிழவிக்குச் சொல்லாமல் ஒரு விரல் வைக்கக்கூடாது. நான் பெற்ற பிள்ளைக்குச் சொல்லாமல் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

மறந்துவிடுவாள் என்கிறீங்கள். அவள் மறக்காவிட்டாலும் எனக்குப் பயம், மறந்தாலும் பயம். நான் கதைக்க அவள் வரமாட்டாள். நீங்கள்தான் சொல்ல வேணும், அப்பா.

மற்ற அலுவல்கள்: நான் போகும் ஊரில் மார்கழியில் பனி கொட்டுமாம். புதுக்குடியிருப்பில் பழைய உடுப்புக் குவித்து விற்கும் இடத்தில் நல்ல தடித்த ஜக்கெற் வரும் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். ஒன்று பார்த்து வையுங்கோ. நான் கொண்டுபோக மிளகாயைக் கொஞ்சம் கூட வறுத்துத் தூளாய் இடிப்பியுங்கோ. கருவாட்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். அவளுக்குப் பள்ளிக்கூடத்துக்கு இரட்டைப் பின்னல் வேணும். பத்மாசனி அக்காவிடம் பழகுங்கோ. கிழிந்த வலை பொத்துகிற கைக்கு அது பெரிய வேலையில்லை.

கலிஸ்ரா

&nbsp;

அளம்பில்
26.3.2025

அன்பு மகளுக்கு,

வலைக்கும் தலைமயிருக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் எழுதுகிறேன். வலை "ஆ" என்று கத்தாது. திரும்பி முறைத்துப் பார்க்காது. இரண்டு பின்னலும் ஒரே உயரத்தில் இல்லை என்று கண்ணாடியில் பார்த்துச் சொல்லாது. பத்மாசனி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அண்ணை, முடிச்சுப் போடாதேங்கோ, பிறகு கத்திதான் வைக்க வேணும்" என்று கத்தி ஓடி வந்தா. நாலைந்து நாளாக இப்போது சுமாராக வருகிறது.

ஜக்கெற் வாங்கிவிட்டேன். உள்ளே பஞ்சு வைத்தது, கறுப்பு. பனிக்குத் தாங்குமோ என்று அறிய வேண்டாமோ? மீன் வாடியில் ஐஸ் அறைக்குக் காவல் நிற்கும் முத்துலிங்கத்திடம் கேட்டு, அதைப் போட்டுக்கொண்டு உள்ளே போய் இருந்தேன். "கொஞ்ச நேரத்தில திற" என்று சொல்லித்தான் போனேன். அந்த மனிசனுக்கு லண்டனிலிருந்து தம்பியின் போன் வந்துவிட்டது. நான் உள்ளே பாரை மீன்களோடு செபமாலை சொல்லத் தொடங்கிவிட்டேன். திறந்தபோது வெளியே ஒரு கூட்டம். "இன்னாசித்தம்பியை ஐஸில வைச்சாலும் விலை போகான்" என்றார்கள். ஜக்கெற் நல்ல சாமான், மகள். என் காதும் மூக்கும்தான் விறைத்தன. ஒரு தொப்பியும் வேணும்.

இனி எழுதக் கை வராத விஷயம்.

ஜக்கெற் வாங்கப் புதுக்குடியிருப்புக்கு வெளிக்கிட்டபோது ஜெனிற்றாவும் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். "நானும் வாறன்" என்றாள். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ்ஸால் இறங்கினதும் என் கையை விட்டுவிட்டு முதலாவது புடவைக்கடைக்குள் போய், "அம்மா இஞ்ச நிக்கிறாவோ?" என்று கேட்டாள்.

"எந்த அம்மா குஞ்சு?" என்றாள் கடைப் பிள்ளை.

"கடைக்கு வந்த அம்மா."

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் தொங்கவிட்டிருந்த சாரங்களைப் பார்த்தேன். அடுத்தது மருந்துக்கடை. அதற்கடுத்தது இரும்புக்கடை. பேக்கரியில் ஒரு மனிசன் ரொபி நீட்டினார், வாங்கவில்லை. நான் பின்னால் பின்னால் போகிறேன். சொல்லவும் முடியவில்லை, பிடித்து நிறுத்தவும் முடியவில்லை. கடைசியில் பூட்டிக் கிடந்த ஒரு கடைக்கு முன்னால் நின்றாள். தகரக் கதவில் காதை வைத்தாள். பிறகு வாயை வைத்து, மெல்லமாக, உள்ளே படுத்திருக்கிறவரை எழுப்புகிற மாதிரி, "அம்மா" என்றாள்.

அந்தக் கடைப் படியில் இருத்திச் சொல்லிவிட்டேன். அம்மா கடைக்குப் போகவில்லை, நீர்கொழும்பில் படிக்கிறா, படித்து முடிய யப்பானுக்கு வேலைக்குப் போவா, லீவில் வந்து உன்னைப் பார்ப்பா என்று.

"அப்ப நீங்கள் பொய்யோ சொன்னனீங்கள்?"

"ஓம்."

"அம்மாவும்?"

"அம்மாவை நான்தான் சொல்ல விடேல்லை."

அவள் அழவில்லை. எழும்பிச் சட்டையைத் தட்டிக்கொண்டு, "வீட்டை போவம்" என்றாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து என் சாரத்தின் கரையைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டுதான் படுக்கிறாள். பக்கத்தில் பத்மாசனி வந்து படுத்தாலும் விடுகிறாளில்லை. நான் தொழிலுக்குப் போய் ஒரு கிழமையாகிறது. சாரத்தை அவளிடம் விட்டுவிட்டுப் போகலாம்தான். என்னோடு படகில் வரும் றொமேஸ் அதற்குச் சம்மதிக்கிறானில்லை.

அப்பா

&nbsp;

நீர்கொழும்பு
7.4.2025

அப்பா,

நேற்று அவள் போனுக்கு வந்தாள். நீங்கள் தண்ணீர் அள்ளப் போயிருந்தீங்கள், அதனால் உங்களுக்குத் தெரியாது. சாப்பிட்டியோ, பள்ளிக்கூடம் போனியோ என்றெல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஓம், ஓம். பிறகு அவள் ஒன்று கேட்டாள்.

"அப்பாவும் கடைக்கு எண்டு சொல்லித்தானோ போனவர்?"

நிறோஜன் கட்டாருக்குப் போகும்போது அவளுக்கு இரண்டு வயது. அங்கே அவருக்கு வேறு குடும்பமாகி, போன் எடுப்பதும் நின்று, இப்போது நாங்கள் அந்தப் பெயரையே எடுப்பதில்லை. ஒன்றும் நினைவிருக்காது என்று நினைத்திருந்தேன். வெளிநாடு என்றால் போனவர் வராத இடம் என்றுதான் அவள் வைத்திருக்கிறாள்.

நான் வருகிறேன் அப்பா. பரீட்சையை மட்டும் எழுதிவிட்டு வருகிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க மாட்டேன். உங்களுக்கு அறுபத்திரண்டாகிறது, இனியும் உங்களைக் கடலுக்கு அனுப்பக்கூடாது, அவளை நல்லாய்ப் படிப்பிக்க வேணும் என்றுதான் இதற்கு வெளிக்கிட்டேன். இப்போது நீங்கள் கரையில், அவள் சாரத்தைப் பிடித்தபடி, நான் இங்கே றப்பர் கிழவிக்குச் சவர்க்காரம் போடுகிறேன். இதெல்லாம் யாருக்காக?

ஜக்கெற்றை யாருக்காவது கொடுங்கோ.

கலிஸ்ரா

&nbsp;

அளம்பில்
5.5.2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே எழுதவில்லை. மூன்று தரம் தொடங்கினேன். முதலாவதில் போ என்று எழுதினேன், இரண்டாவதில் போகாதே என்று எழுதினேன், மூன்றாவதில் மழை பெய்தது என்று எழுதினேன். மூன்றையும் அடுப்பில் வைத்துவிட்டு வேறொரு வேலை பார்த்தேன். அதைச் சொல்கிறேன்.

உயிர்த்த ஞாயிறு முடிந்த கையோடு, விடியப்புறம் அவளை எழுப்பினேன். "குஞ்சு, அம்மப்பா தொழிலுக்குப் போறன். பள்ளிக்கூட வான் வர முதல் வந்திருவன்" என்றேன். அழுதாள் என்று சொன்னால் போதாது. பத்மாசனி தூக்கிக்கொண்டு கரைவரை வந்தா. வழி முழுக்க நாய்கள் எழும்பிவிட்டன. படகு தள்ள நின்ற றொமேஸுக்கு முகம் கறுத்துவிட்டது.

"மாமா, இதென்ன வேலை? ஒப்பாரியோட படகு தள்ளச் சொல்லுறியளோ?"

"தள்ளடா. நான் செத்தா அழத்தானே போறாள், இப்பவே பழகட்டும்."

"வாயைக் கழுவுங்கோ மாமா!"

பின்னால் அவள் கத்தக் கத்தத் தண்ணீரில் கால் வைத்தேன். இத்தனை வருஷத்தில் எனக்கு அது முதல் தரம். என் அப்பனும் செய்யாத வேலை. திரும்பிப் பார்த்தேன் வேறு. அன்று மீன்பாடு படுமோசம். றொமேஸ் கரை சேரும்வரை வாயே திறக்கவில்லை. ஆனால் வான் வர முதல் வந்துவிட்டேன். பின்னல்கூடக் கட்டிவிட்டேன், மீன் கையால். அடுத்த நாளும் எழுப்பிச் சொன்னேன், அழுதாள். அன்று சூடை மீன் அள்ளிக் கொட்டியது. இப்போது றொமேஸ், "பிள்ளை இண்டைக்கு வடிவா அழேல்லைப் போல" என்று குறை சொல்கிறான்.

இப்படியே போய், அழுகை குறைந்து கேள்வியாகிவிட்டது. எந்தப் பக்கம் போறீங்கள், எப்ப வருவீங்கள். நான் பதில் சொல்வேன். சாரத்தைத் தானே கையிலிருந்து அவிழ்த்துத் தருவாள்.

போன வெள்ளி இயந்திரம் நின்றுவிட்டது. இன்னொரு படகு இழுத்துவர வெயில் ஏறிவிட்டது. வான் போய்விட்டது. எனக்குக் கடல் பயமில்லை, மகள். கரையில் நிற்கப் போகிற அந்த முகம்தான் பயம். வந்து பார்த்தால் பள்ளிக்கூடச் சட்டையோடு மணலில் இருக்கிறாள். பக்கத்தில் பத்மாசனி அழுதுகொண்டு நிற்கிறா.

"ஏன் பிந்தினது?" என்றாள்.

"எஞ்சின் பழுது குஞ்சு."

"நான் மாமியிட்டச் சொன்னனான், எஞ்சினா இருக்கும் எண்டு. அவா நம்பேல்லை."

அன்றைக்குத்தான் உனக்கு எழுதலாம் என்று எனக்குத் தைரியம் வந்தது. நீ யப்பான் போனாலும் எனக்குச் சரி, போகாமல் இங்கே வந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தாலும் சரி. ஆனால் அவளுக்குத் தெரியாமல் போனது எவ்வளவு பிழையோ, அவளுக்குத் தெரியாமல் பயணத்தைக் கைவிடுவதும் அவ்வளவு பிழை என்று எனக்குப் படுகிறது. பரீட்சை முடிய வா. பெட்டியை வீட்டின் நடுவில் திறந்து வை. பகலில், அவள் முழித்திருக்கும்போது, நீயே உன் வாயால் சொல்லு. அதற்குப் பிறகு முடிவெடு.

ஜக்கெற்றை யாருக்கும் கொடுக்கவில்லை. முத்துலிங்கம் கேட்டான். ஐஸ் அறைக்குள் போய் இருந்து கேள் என்றேன்.

அப்பா

&nbsp;

நீர்கொழும்பு
22.7.2025

அப்பா,

வீட்டிலிருந்து திரும்பிப் பத்திரமாக வந்து சேர்ந்தேன். பஸ் ஏறும்போது உங்களுக்குச் சொல்ல முடியாததை எல்லாம் இப்போது எழுதுகிறேன்.

பெட்டிக்குப் பக்கத்தில் இருத்தி அவளுக்குச் சொன்ன அன்று நீங்கள் வேலிக்கு அப்பால் நின்று பனையைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தது எனக்குத் தெரியும். அவள் என்னிடம் கேட்டவற்றை நீங்கள் கேட்டிருக்க மாட்டீங்கள்.

"யப்பான் அம்மம்மாக்களுக்குப் பிள்ளையள் இல்லையோ?"

"இருக்கினம். வேலைக்குப் போயிடுவினம்."

"சொல்லிப்போட்டோ போறவை?"

"தெரியாதம்மா. நான் சொல்லிப்போட்டுத்தான் ஒவ்வொண்டும் செய்வன்."

பிறகு, "போகாதேங்கோ" என்றாள். நான் போவேன் என்றேன். லீவில் வருவேன் என்றேன். "போகாதேங்கோ" என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டு, என் காலுறைகளை ஒவ்வொரு சோடியாகச் சுருட்டித் தந்தாள். பிழையான சோடிகள். அப்படியே வைத்திருக்கிறேன்.

முல்லைத்தீவு பஸ் நிலையத்தில் அவள் கத்தியதைச் சனம் எல்லாம் நின்று பார்த்தது. ஒரு மனிசி உங்களிடம், "பெரிய மனிசன், பிள்ளையை ஏன் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்? நித்திரையில விட்டிட்டு வரத் தெரியாதோ?" என்று ஏசினது எனக்கும் கேட்டது. நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றீங்கள். யன்னலால் அவளுக்குக் கை காட்டினேன். கத்திக்கொண்டே அவளும் கை காட்டினாள். இரண்டையும் ஒன்றாகச் செய்தாள், அப்பா. ஓமந்தை தாண்டும்வரை இறங்கிவிடுவோமோ என்று பையை மடியிலேயே வைத்திருந்தேன்.

இறங்கவில்லை. இன்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தேன். அவளின் சம்மதத்தோடு என்று சொல்ல மாட்டேன். அவளுக்குத் தெரிந்துதான் வைத்தேன். அடுத்த மாதம் பத்தாம் திகதி பயணம்.

கலிஸ்ரா

&nbsp;

அளம்பில்
25.8.2025

அன்பு மகளுக்கு,

இனி நீ நினைத்த நேரம் போன் கதைக்கலாம். ஆனாலும் இதைப் போனில் சொன்னால் நீ பாதியில் சிரித்துவிடுவாய், எனக்குக் கதை குழம்பிவிடும். அதனால் எழுதுகிறேன். யப்பானுக்கு முத்திரை ஒட்டித் தரச் சொன்னபோது தபாற்கந்தோர்ப் பிள்ளை, "ஐயா, வாட்ஸப்பில அனுப்பலாமே" என்றாள். "அதில சரிச்சுப் பிடிக்க ஏலாது பிள்ளை" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை.

நீ பிளேன் ஏறின அன்று ஜெனிற்றா சாப்பிடவில்லை. அடுத்த நாள் பாதி சாப்பிட்டாள். அதற்கடுத்த நாள் என் மீனையும் சேர்த்துச் சாப்பிட்டாள். இரவில் சில நேரம் அழுகிறாள், மறைக்கவில்லை. அழுதால், "ஏன் குஞ்சு?" என்று கேட்பேன். "அம்மாவை நினைச்சு" என்பாள். "நானும்தான்" என்பேன். அவ்வளவுதான் கதை. அதற்குப் பிறகு நித்திரையாகிவிடுவாள். எனக்குத்தான் வராது.

போன வெள்ளி விடியப்புறம் தொழிலுக்கு வெளிக்கிட்டேன். வழமைபோல் எழுப்பினேன். இப்போதெல்லாம் கொஞ்சம் முந்தியே எழுப்புவேன், அழ, கேள்வி கேட்க, கட்டிப்பிடிக்க எல்லாவற்றுக்கும் நேரம் வேணும்தானே.

"குஞ்சு, அம்மப்பா தொழிலுக்குப் போறன்."

ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"வான் வர முதல் வந்திருவன்."

"ம்."

"இண்டைக்குச் செம்மலைப் பக்கம்தான் போறம். றொமேஸ் மாமாவும் வாறார்..."

"அம்மப்பா," என்றாள், பெரிய மனிசி மாதிரி. "நீங்கள் வருவீங்கள் எண்டு எனக்குத் தெரியும்தானே. ஏன் ஒவ்வொரு நாளும் எழுப்புறீங்கள்? எனக்கு நித்திரை வருது."

போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன், மகள். இன்னொரு தரம் திரும்புவாள் என்று பார்த்தேன். திரும்பவில்லை. குறட்டை விட்டாள். வெளியே றொமேஸ் நின்றிருந்தான்.

"என்ன மாமா, சத்தத்தைக் காணேல்லை?"

"படுத்திட்டாள்."

"அப்ப நீங்கள் ஏன் கண்ணைத் துடைக்கிறியள்?"

படகைத் தள்ளடா என்றேன்.

அப்பா